மண்டபம் சின்னது, ராத்திரி பெரிசு

ரிசப்ஷன் கச்சேரி நன்றாகப் போகிற ராத்திரிக்கு யாருடைய யோசனையும் தேவையில்லை. பாட்டு தானாக ஓடும், கைதட்டல் தானாக வரும், மாப்பிள்ளையின் சித்தப்பா தானாக மேடைக்கு வந்து ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டுவார். நான் சொல்ல வருவது மற்ற ராத்திரிகளைப் பற்றி. தபலாக்காரர் பாதி வழியில் நிற்கிறார், மண்டபம் கிணறு மாதிரி எதிரொலிக்கிறது, கரண்ட் போய்ப் போய் வருகிறது, பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது, முன் வரிசையில் இருக்கிற பத்துப் பேரில் இரண்டு பேர் நிதானத்தில் இல்லை. இதெல்லாம் தனித்தனியாக வராது, சேர்ந்துதான் வரும்.

திருச்சியை வைத்துக்கொண்டு சுற்று வட்டாரத்தில் ஒரு லைட் மியூசிக் ட்ரூப் நடத்துகிறேன். முசிறி, துறையூர், மணப்பாறை, புதுக்கோட்டை வரை போவோம். கீபோர்டு, லீட் கிட்டார், தபலா-டோலக், ரிதம் பேட் (குச்சியால் தட்டுகிற எலக்ட்ரானிக் டிரம்), ஆண் குரல், பெண் குரல், பேஸ் கிட்டாருக்கு நான். எல்லா மைக், வாத்தியங்களின் சத்தத்தையும் கலந்து கட்டுப்படுத்துகிற மிக்சரில் உட்கார ஒரு தம்பி. பேஸ் வாசிக்கிறவனை மேடையில் யாரும் பார்ப்பதில்லை. அதனால் மொத்த மண்டபத்தையும் பார்க்கிற வசதி அவனுக்கு உண்டு. அப்படிப் பார்த்ததில் தெரிந்தது: நிலைமை மோசமானால் நம் கை தானாகக் கூட்டத்தான் போகிறது. வால்யூமைக் கூட்டுகிறோம், எக்கோவைக் கூட்டுகிறோம், குத்துப் பாட்டைக் கூட்டுகிறோம், மைக்கில் பேச்சைக் கூட்டுகிறோம். ஒவ்வொன்றும் இன்னும் கெடுக்கிறது. மோசமான ராத்திரியில் குறைத்துக்கொண்டே போக வேண்டும். எதை, எப்போது குறைப்பது என்பதுதான் தொழில்.

புக்கிங் அன்றைக்கே

ராத்திரி கெட்டுப்போவது பெரும்பாலும் போனில் பேசின அன்றைக்கே தொடங்கிவிடும். "சின்ன மண்டபம்தாங்க, எல்லா வசதியும் இருக்கு" என்பார்கள். நேரில் போய்ப் பார்க்க முடியாவிட்டால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்: மேடை, கூரை, நாம் உட்காரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள பிளக் பாயிண்ட். கூரை கான்கிரீட்டா தகரமா என்று தெரிந்தாலே எந்த ஸ்பீக்கரை எடுத்துப் போவது என்று முடிவாகிவிடும். பொண்ணு மாப்பிள்ளை நிற்கிற மேடை நமக்குக் கிடைக்காது. ஓரத்தில் நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு "இதுதாங்க உங்க இடம்" என்பார்கள். அந்த இடம் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலை மறிக்கிறதா என்று பாருங்கள். மறித்தால் ராத்திரி முழுக்க இலைக்கட்டும் சாம்பார் வாளியும் உங்கள் கேபிளைத் தாண்டித்தான் போகும்.

அப்புறம் ஜெனரேட்டர் உண்டா, மேளம் எந்த நேரத்தில், எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும், எங்கள் ஆட்களுக்கும் டிரைவருக்கும் சாப்பாடு எந்தப் பந்தியில், பாக்கி யார் கையால் வரும். பேசி முடித்ததும் இதையெல்லாம் நீங்களே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரிங்க" என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த "சரிங்க"வுக்கு ராத்திரி பத்து மணிக்கு இருக்கிற மதிப்பு ஸ்டாம்பு பேப்பருக்குக்கூடக் கிடையாது.

பத்து மணி என்று சும்மா சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. மூடிய அரங்குகளுக்கு உள்ளே கேட்கிற அளவுக்கு வைக்க மட்டும் விலக்கு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் அதில் இருக்கிறது. நம் சின்ன மண்டபங்கள் பாதி மூடியவை, பாதி திறந்தவை. பக்கத்து வீட்டு ஜன்னல் கை நீட்டினால் எட்டும். கான்ஸ்டபிள் வந்து நிற்கும்போது "இது மூடிய அரங்கம் சார்" என்று சட்டம் பேசாதீர்கள். 9.45-க்குக் கடைசிப் பாட்டு என்று முதலிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

இன்னொன்றையும் புதுப் பையன்கள் கேட்கிறார்கள்: சினிமாப் பாட்டைக் கல்யாணத்தில் வாசிக்க யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் மதச் சடங்குகளுக்கு விலக்குக் கொடுத்து, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் சேர்த்திருக்கிறது. ஓட்டலில் டிக்கெட் போட்டு வாசித்தால் அது வேறு கதை. லைசென்ஸ் எடுத்தாயிற்றா என்று ஓட்டல்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸைத் தொட வேண்டும்.

முதலில் கரண்ட், அப்புறம்தான் மைக்

சின்ன மண்டபங்களில் சீரியல் செட், ஏசி, வீடியோக்காரரின் லைட், சமையல்கட்டு கிரைண்டர் எல்லாம் ஒரே லைனில் தொங்கும். துறையூர்ப் பக்கம் ஒரு ரிசப்ஷனில், மறுநாள் காலை இட்லிக்கு மாவாட்டத் தொடங்கியதும் கீபோர்டு அணைந்து அணைந்து எரிந்தது. சமையல் மாஸ்டரிடம் போய்ப் பேசி, நாங்கள் இடைவெளி விடும்போது மட்டும் கிரைண்டரை ஓட்டுவது என்று ஒப்பந்தம் போட்டோம். மனுஷன் சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பதிலாக அவர் கேட்டது ஒரு பழைய டூயட். அன்றைக்கு முழுதாக வாசித்த பாட்டு அது ஒன்றுதான்.

மண்டப எலக்ட்ரீஷியனை முதல் ஆளாகப் பிடியுங்கள். எந்த பாயிண்ட் எந்த லைன் என்று அவருக்குத்தான் தெரியும். டீ வாங்கிக் கொடுங்கள்.

எர்த் விஷயத்தில் விளையாடாதீர்கள். மூன்று பின் சாக்கெட்டில் எர்த் ஓட்டை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. ஒரு கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில், இரண்டும் வேறு வேறு லைனில் என்றால் பாடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். லேசாக அடித்தால் உதட்டோடு போகும். பலமாக அடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் கீபோர்டு, மிக்சர், கிட்டார் ஆம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுங்கள். டெஸ்டரை மைக்கின் வலையிலும் கிட்டார் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். டெஸ்டர் எரிந்தால் பாடக் கூடாது, அவ்வளவுதான். மைக்குக்கு ஸ்பாஞ்ச் மாட்டிச் சமாளிக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. வியர்வையும் எச்சிலும் ஊறிய ஸ்பாஞ்ச் யாரையும் காப்பாற்றாது. ஹம் சத்தம் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களை என் மேடையில் ஏற்றுவதில்லை. ஹம்முக்கு, வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவில் மாட்டுகிற டி.ஐ. பாக்ஸ் ஒன்று வாங்கி, அதில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் போதும்; அது சிக்னல் கம்பியின் கிரவுண்டை மட்டும்தான் துண்டிக்கும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கீபோர்டு அணைந்து, மறுபடி எழுந்து, டோன் எல்லாம் திரும்ப லோடாகும்வரை மேடையே ஊமையாகிவிடும். கம்ப்யூட்டருக்கு வைக்கிற 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றை வேனில் போட்டுக்கொள்ளுங்கள். கீபோர்டையும் மிக்சரையும் மட்டும் அதில் மாட்டுங்கள். பெரிய ஆம்ப்ளிஃபையரை மாட்டாதீர்கள், தாங்காது. ஸ்பீக்கர் நின்றாலும் கீபோர்டு உயிரோடு இருக்கும். விளக்கு அணைந்ததும் மிக்சர் தம்பியின் முதல் வேலை மெயின் வால்யூமைக் கீழே இறக்குவது. இல்லாவிட்டால் கரண்ட் வரும்போது "டொம்" என்று ஒரு இடி விழும், முன் வரிசையில் ஒரு குழந்தை அழும், அதன் பாட்டி உங்களை முறைப்பார். ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில். ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில்.

இருட்டில் அந்த ஒரு நிமிஷத்தை எப்படிக் கடப்பது? தபலாவுக்கு கரண்ட் வேண்டாம். தபலாக்காரர் நிறுத்தாமல் நடையைத் தொடரட்டும், பாடகர் மைக் இல்லாமல் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடட்டும். மண்டபம் சின்னது என்பது அந்த ஒரு நிமிஷம் மட்டும் நமக்கு வரம்.

சத்தம்

நாலு பக்கமும் பெயின்ட் அடித்த சுவர், தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட், ஒரு திரைச்சீலை கிடையாது. பின்சுவர் இருபது மீட்டரில் இருந்தால், நாம் அடித்த அடி போய்த் திரும்பி வர நாற்பது மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது என்றால் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு தாமதம். ரிதம் பேட் வாசிக்கிறவர் அந்தத் திரும்பி வரும் அடியைக் கேட்டுக் கேட்டு இழுக்க ஆரம்பிப்பார். நாலாவது பாட்டில் எல்லாரும் அவரோடு சேர்ந்து இழுத்துக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் காரணம் புரியாது. அவரைச் சுவரைக் கேட்க விடாதீர்கள். மானிட்டரை, அதாவது மேடையில் இருக்கிறவர்கள் கேட்க வைக்கிற ஸ்பீக்கரை, அவர் காதுக்குப் பக்கத்தில் வையுங்கள், அல்லது ஒரு இயர்போன் கொடுங்கள். தாளம் அதிலிருந்துதான் வர வேண்டும்.

எக்கோவை முழுக்க எடுத்துவிடுங்கள். பாடகர்களுக்குக் கோபம் வரும். எக்கோ இல்லாமல் தன் குரல் மொட்டையாகக் கேட்கிறது என்பார்கள். மண்டபமே இலவசமாக எக்கோ போடுகிறது, நாம் தனியாகப் போட வேண்டியதில்லை என்று சொல்லிப் பாருங்கள். சமாதானமாகாவிட்டால் மானிட்டரில் மட்டும் கொஞ்சம் எக்கோ கொடுங்கள்.

ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றினால் மைக் கூவும். அதற்கு முக்கியக் காரணம் திறந்து கிடக்கிற மைக்குகள். திறந்த மைக்கின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். எட்டு மைக் மேடையில் நின்றால் பாட்டு நடக்கும்போது நாலுதான் திறந்திருக்க வேண்டும். டூயட்டில் சரணம் பாடாத ஆளின் மைக் மூடியிருக்கட்டும். சின்ன மண்டபத்தில் தபலாவுக்கு ஒரு மைக் போதும்; டோலக்குக்கு மைக்கே வேண்டாம். மானிட்டர் மைக்கின் நேர் பின்புறத்தைப் பார்த்து இருக்க வேண்டும், பக்கவாட்டில் அல்ல. ஷூர் எஸ்.எம்.58 மாதிரி மைக்குகள் பின்னால் இருந்து வருகிற சத்தத்தைத்தான் நன்றாகத் தள்ளும். வலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடினால் அந்தக் குணம் போய்விடும்; இளம் பாடகர்கள் ஸ்டைலுக்காக அப்படித்தான் பிடிப்பார்கள், ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அதற்கு மேலும் கூவினால், ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற ஈக்வலைசரில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை தேடுங்கள், எங்கே கூவுகிறதோ அதை மட்டும் இறக்குங்கள்.

என் வாத்தியத்தைப் பற்றி நானே சொல்ல வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். சில மண்டபங்களின் அகலமே அவ்வளவுதான். அதனால் ஒரு ஸ்வரம் மண்டபத்தையே அதிர வைக்கும், அடுத்த ஸ்வரம் காணாமல் போகும். வால்யூமைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. எந்த ஸ்வரம் அதிர்கிறது என்று சவுண்ட் செக்கிலேயே கண்டுபிடித்து, அது வருகிற இடத்தில் ஒரு ஸ்தாயி மேலே வாசித்துவிடுவேன். ஸ்பீக்கரை மூலையில் தள்ளி வைத்தாலும் பேஸ் ஊதிப்போகும். சுவரைவிட்டுத் தள்ளி, ஸ்டாண்டில் தலைக்கு மேலே தூக்கி வையுங்கள். முன் வரிசையில் உட்கார்கிறவர்கள் எல்லாம் பெரியவர்கள். ஸ்பீக்கர் அவர்கள் நெஞ்சுக்கு நேராக இருந்தால், முதல் பாட்டு முடிவதற்குள் ஒரு தாத்தா எழுந்து வருவார்.

அந்தத் தாத்தா "குறைங்க தம்பி" என்பார். பின்னாலேயே மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து "ஏத்துங்கண்ணே" என்பார்கள். இருவருக்கும் "சரிங்க" சொல்லுங்கள், தாத்தா சொன்னதைச் செய்யுங்கள். காசு கொடுக்கிறவர் அவர் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். பேசிக்கொண்டிருக்கிற கூட்டத்தை அமுக்க வால்யூமை ஏற்றினால் அவர்களும் குரலை ஏற்றுவார்கள். இந்தப் போட்டியில் எந்த ட்ரூப்பும் ஜெயித்ததில்லை. இறக்கிப் பாருங்கள், பக்கத்து ஆளின் பேச்சு தனக்கே கேட்க ஆரம்பித்ததும் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆள் வராத போது, தொண்டை போன போது

தபலாவோ ரிதம் பேடோ, ஒருவர் வராவிட்டால் மற்றவர் தாங்குவார். லீட் கிட்டார் வராவிட்டால் கீபோர்டு தாங்கும். கீபோர்டு வராவிட்டால்தான் கஷ்டம். அதற்காகக் குரல் இல்லாமல் பின்னணி இசை மட்டும் இருக்கிற மைனஸ் ஒன் டிராக்குகளை ஒரு போனில் போட்டு வைத்திருக்கிறோம். அந்த போனை ஏரோபிளேன் மோடில் போடாமல் மிக்சரில் மாட்டாதீர்கள்; லோன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்பு மொத்த மண்டபத்துக்கும் கேட்கும். டிராக்கில் போனால் சுருதியும் வேகமும் அதன் இஷ்டம் என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

ஆள் குறைந்தால் லிஸ்டும் மாற வேண்டும். எம்.எஸ்.வி. காலத்து மெலடிகள் ஒரு கீபோர்டு, ஒரு தபலா, ஒரு நல்ல குரல் இருந்தால் நிற்கும். 1976-க்குப் பிறகு வந்த ராஜா சார் பாட்டுகளில் பி.ஜி.எம்.தான் பரீட்சை. ஜனங்களுக்கு அது வரி வரியாக மனப்பாடம், ஒரு வயலின் துணுக்கு விட்டுப்போனாலும் முகம் சுருங்கும். பேஸ் லைனும் அப்படியே. நான் இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகளைத் தொடாதீர்கள் என்று எங்கள் பசங்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் தற்பெருமைதான், ஆனால் உண்மை. 1992-க்குப் பிறகு ரஹ்மான் கொண்டுவந்த பாணியில் வாத்தியச் சத்தத்தின் டோன்தான் பாட்டு. கீபோர்டில் அது இல்லாவிட்டால் வேறு டோனில் வாசித்துச் சமாளிப்பதைவிட விட்டுவிடுவது மேல்.

தொண்டை கட்டினால் ஸ்கேலை, அதாவது பாடுகிற சுருதியை, இறக்க வேண்டும், அரைக் கட்டையோ ஒரு கட்டையோ (கட்டை என்பது சுருதியின் அளவு). கீபோர்டுக்காரருக்கு, எல்லா ஸ்வரத்தையும் மொத்தமாக ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்தது, அதனால் அவர் யாரிடமும் சொல்லாமல் தட்டிவிடுவார். லீட் கிட்டாரும் பேஸும் பழைய ஸ்கேலில் இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். தபலாவை மறுபடி சுருதி சேர்க்க வேண்டும், சுத்தியலுக்கு நேரம் கொடுங்கள். புல்லாங்குழல்காரரை அன்றைக்குக் கூட்டி வந்திருந்தால், அவர் பையில் அந்தக் கட்டைக்குக் குழல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இறக்குங்கள். எந்தப் பாட்டு எந்தக் கட்டை, இறக்கினால் எந்தக் கட்டை என்று இரண்டையும் லிஸ்டிலேயே எழுதி, ஆளுக்கு ஒரு பிரதி கையில் இருந்தால் மேடையில் காதோடு காது பேச வேண்டியதில்லை. பாடுகிறவருக்கு வெந்நீர் கொடுங்கள், வார்த்தை வாங்காதீர்கள். பாட்டுக்குப் பாட்டு அறிவிப்புச் சொல்லியே பாதித் தொண்டை போகிறது.

எங்களுக்குள் சில கை சைகைகள் உண்டு. ஒரு விரல் காட்டினால் ஒரு சரணத்தோடு நிறுத்து. கையைச் சுழற்றினால் பல்லவியை மறுபடி எடு. முஷ்டி மூடினால் இந்தச் சுற்றோடு முடி. சைகை காட்டுவது ஒரே ஆளாக இருக்கட்டும். எங்கள் ட்ரூப்பில் அது நான், ஏனென்றால் எனக்குத்தான் வேடிக்கை பார்க்க நேரம் இருக்கிறது. நாதஸ்வரக்காரர் மாப்பிள்ளை அழைப்புக்கு எழுந்தால் உடனே முஷ்டி. கல்யாண வீட்டில் மேளத்துக்குத்தான் முதலிடம். அதோடு மோதினால் நமக்கு மரியாதையும் போகும், சத்தத்திலும் தோற்போம்.

லிஸ்ட்

சாமிப் பாட்டில் தொடங்குவது வழக்கம். மோசமான ராத்திரியிலும் அதை மாற்றாதீர்கள். ஒரே பாட்டு போதும். அந்த நாலு நிமிஷம் யாரும் கேட்பதில்லை, அதனால் அதுவே உங்களுக்கு இரண்டாவது சவுண்ட் செக். ஆளில்லாத மண்டபத்தில் சரிபார்த்த சத்தம், ஆள் நிறைந்ததும் மாறிவிடும்; உடம்புகளும் பட்டுப் புடவைகளும் ஒலியை உறிஞ்சும்.

அப்புறம் பந்தியைப் பார்த்து வாசியுங்கள், கடிகாரத்தைப் பார்த்தல்ல. பந்தி நடக்கும்போது மெலடி. கை கழுவிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரலாமா, பஸ்ஸைப் பிடிக்கலாமா என்று யோசிக்கிற அரை நிமிஷத்தில் உங்கள் கையில் இருக்கிற நல்ல பாட்டு ஓட வேண்டும். குத்துப் பாட்டுகளைக் கடைசி அரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஆட ஆள் இருந்தால். ஆடாத கூட்டத்துக்கு அடுத்தடுத்து மூன்று குத்துப் பாட்டு போடுகிற கொடுமையை நிறைய மேடையில் பார்த்திருக்கிறேன்.

சோகப் பாட்டு கூடாது. எவ்வளவு பிரபலமானாலும், யார் சீட்டு எழுதி அனுப்பினாலும். மெட்டு துள்ளலாக இருந்து வரிகள் பிரிவைச் சொல்கிற பாட்டுகள் இருக்கின்றன, அவற்றில்தான் மாட்டுவோம். பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் வரியைக் கவனித்துவிட்டால் கச்சேரி அங்கேயே முடிந்தது. வாத்தியத்தில் மட்டும் வாசிக்கலாமே என்று நினைக்காதீர்கள். வரி எல்லாருக்கும் மனதில் ஓடும்.

சீட்டும் தண்ணியும்

விருப்பப் பாட்டுச் சீட்டுகளை ஒரே ஆள் வாங்கட்டும். ரஜினிக்கு ஒன்று போட்டால் கமலுக்கு ஒன்று, விஜய்க்கு ஒன்று போட்டால் அஜித்துக்கு ஒன்று, இதில் கணக்குத் தவறக் கூடாது. சாதிப் பெருமை பேசுகிற பாட்டைக் கேட்டு வருகிற சீட்டு எங்கள் பக்கம் சகஜம். "அது எங்க லிஸ்ட்லயே இல்லைங்கண்ணே, வாசிக்கத் தெரியாது" என்று சொல்லுங்கள். கொள்கை பேசினால் சண்டை வரும். தெரியாது என்று சொன்னால் நம்மைத் திறமை இல்லாதவன் என்று திட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தத் திட்டைத் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

குடித்துவிட்டு வருகிறவரிடம் மைக்கில் பேசாதீர்கள். மைக்கில் பதில் சொன்ன நொடியில் அவருக்கு ஒரு சபை கிடைத்துவிடுகிறது. கீழே இறங்கி, தோளில் கை போடாமல், "மாமா, அடுத்தது உங்க பாட்டுதான், உக்காருங்க" என்றால் பத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். மற்றவர்களுக்காகத்தான் வீட்டுக்காரர் தரப்பில் ஒரு ஆளை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்வது. பெரும்பாலும் தாய்மாமன் சரியான ஆள். அவர் சொன்னால் கேட்பார்கள். மிக்சருக்கும் பிளக் பாயிண்டுக்கும் பக்கத்தில் நிதானம் இழந்த யாரையும் நிற்க விடாதீர்கள்.

பாடுகிற பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் நிற்கிற இடம் மேடையின் ஓரமாக இருக்கக் கூடாது. கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் நடுவில். யாரும் மேடையேறிச் சேர்ந்து பாடுவது, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுப்பது, நோட்டைக் கையில் கொடுப்பது எதற்கும் இடமில்லை. அன்பளிப்பு எதுவானாலும் அறிவிப்பாளர் கையில்தான். இதைப் புக்கிங் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால், அன்று ராத்திரி "எங்க ரூல்ஸ்ங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். உடை மாற்ற ஒரு தாழ்ப்பாள் போடுகிற அறை இல்லாத மண்டபம் என்றால், உடையோடே கிளம்பி வரச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பெண் "கிளம்பலாம்ணே" என்று சொன்னால், லிஸ்டில் எத்தனை பாட்டு மீதி இருந்தாலும் கிளம்ப வேண்டும். அதை வீட்டுக்காரரோடு விவாதிப்பது என் வேலை, அவர் வேலை அல்ல.

கேட்க ஆளே இல்லாவிட்டால்

மழை ராத்திரியில் எட்டரைக்கே நாற்காலி காலியாகிவிடும். மீதி இருப்பது பந்தி பரிமாறுகிற பையன்கள், கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட இரண்டு பெரியவர்கள், தூங்க மறுக்கிற குழந்தைகள். "எங்க, எல்லாரும் ஒரு கை தட்டுங்க பார்ப்போம்" என்று காலி நாற்காலிகளைப் பார்த்துக் கேட்காதீர்கள். அறிவிப்பை விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் சத்தத்தைப் பாதியாக்குங்கள். தபலாவும் கீபோர்டும் குரலும் மட்டும் வாசிக்கட்டும், மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சாப்பிட்டு வரலாம். கடைசிப் பந்திவரை காத்திருந்தால் ரசம்தான் மிஞ்சும். அந்தப் பெரியவர்களிடம் போய் என்ன பாட்டு வேண்டும் என்று கேளுங்கள். யாரும் கேட்காத அபூர்வமான பாட்டாகச் சொல்வார்கள், பாதி நமக்குத் தெரியாது. தெரிந்ததை வாசியுங்கள். கேட்க ஆளில்லை என்று முன்னதாக முடித்துக்கொள்வதாக இருந்தால் வீட்டுக்காரர் வாயால் "போதும்பா" என்று வர வேண்டும். நாமாக நிறுத்தினால் பாக்கியில் கை வைப்பார்கள்.

பாக்கி

பாதி அட்வான்ஸ் வாங்காமல் வேன் கிளம்பக் கூடாது. மீதியைக் கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டில் போய்க் கேளுங்கள், கச்சேரி முடிந்த பிறகு அல்ல. முடிந்த பிறகு வீட்டுக்காரர் மண்டப வாடகை, சமையல், பூ அலங்காரம் என்று எல்லாருக்கும் எண்ணிக்கொண்டிருப்பார், நாம் வரிசையில் கடைசி. அவர் மொய் எழுதுகிற மேஜைப் பக்கம் இருக்கிற நேரம் பார்த்துப் போனால் கையில் காசும் இருக்கும், சுற்றி ஆளும் இருப்பார்கள். கரண்ட் போனது, ஆள் குறைந்தது என்று பேரம் பேசினால் வாட்ஸ்அப்பைக் காட்டுங்கள். ஜெனரேட்டர் அவர் பொறுப்பு என்று எழுதியிருந்தால் கரண்ட் போன கணக்கு அவருடையது. நம் ஆள் வராமல் போயிருந்தால் அந்த ஆளின் பங்கை நீங்களே முன்வந்து கழித்துவிடுங்கள். அடுத்த கல்யாணமும் அதே வீட்டில்தான் நடக்கும். உங்கள் ஆட்களுக்கு அன்றைக்கே, வேனில் ஏறுமுன், மிக்சர் தம்பி உட்பட எல்லாருக்கும் கவரில் கொடுங்கள். "நாளைக்கு ஜி-பே பண்றேன்" என்கிற தலைவரிடம் நல்ல தபலாக்காரர் நிலைப்பதில்லை.

கேபிளைச் சுருட்டும்போது எண்ணிச் சுருட்டுங்கள். பந்தல்காரர் தன் வயரோடு சேர்த்து நம் வயரையும் எடுத்துப் போவது வழக்கம், வேண்டுமென்றே அல்ல, இருட்டில் எல்லாம் கறுப்புதான். எங்கள் கேபிள் முனைகளில் மஞ்சள் டேப் சுற்றியிருக்கும். வேனில் உட்கார்ந்ததும் அந்த மண்டபத்துக்கு ஒரு பக்கம் நோட்டில் எழுதிவிடுவேன்: எர்த் உள்ள பாயிண்ட் எது, எந்த ஸ்வரம் அதிர்ந்தது, ஸ்பீக்கர் எங்கே வைத்தோம், ஜெனரேட்டர் எடுக்க எவ்வளவு நேரம் ஆனது, எலக்ட்ரீஷியன் பெயர், போன் நம்பர். முகூர்த்த நாள் நெருக்கமாக வருகிற மாதங்களில் அதே மண்டபத்துக்கு மறுபடி போக ரொம்ப நாள் ஆகாது.